அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டி

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் எல்லாருமே அவரை நன்றாக அறிந்தவர்கள். அவர் ஓட்டிய பேருந்தில் ஏறியவர்கள் உண்டு, அவரோடு சண்டை போட்டுச் சமாதானமானவர்களும் உண்டு. அவருடைய பெருமைகளை வரிசையாக எழுதுவதாக அண்ணன்தான் ஒப்புக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் வேலை மும்முரம் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். என்னிடம் கொடுத்தால் எனக்குப் புரியாத ஒன்றைப் பற்றித்தான் எழுதுவேன் என்பது அவருக்குத் தெரியும். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவள் நான். நேற்று வந்த மாதிரி இன்றைக்குப் பொருள் ஏன் வரவில்லை என்று நோண்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அதே நோண்டல்தான் என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார்.

அப்பாவின் வாழ்க்கையில் எனக்குப் புரியாமல் இருந்தது ஞாயிறுதோறும் அவர் வைத்த ஆட்டுக்கறி. அது என்ன, அதை எப்படி வைத்தார், ஏன் அப்படி வைத்தார் என்று அவர் இருந்தவரை எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் போன பிறகு அது தெரிந்தே ஆகவேண்டிய நிலை வந்தது.

அப்பா கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது குடும்பம் பிழைப்புத் தேடிப் பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனுக்கு வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், பிறகு லாரிக்குக் கிளீனராகப் போனார். உரிமம் எடுத்த பின் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினார். தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி ஆட்களை வேலைக்கு ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அந்த வேலை ஒருநாள் திடீரென்று நின்றது. பேருந்து நிறுவனத்தை மூடிவிட்டார்கள். மூன்று பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா பழைய வேன் ஒன்றை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார், அம்மா வீட்டிலேயே தைத்தார். ஆயர் ஈத்தாமில் இப்போது அம்மா இருக்கும் அடுக்குமாடி வீடு அந்த வேன் வாங்கிக் கொடுத்ததுதான்.

அப்பா கோபக்காரர் இல்லை, ஆனால் அழுத்தக்காரர். ஒன்றைச் செய்தால் ஏன் செய்கிறேன் என்று விளக்கம் தரமாட்டார். எங்களைப் பொறுத்தவரை எந்தக் கேள்விக்கும் அவரிடம் இருந்தது ஒரே பதில். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகலாமா, காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கலாமா, எனக்கு வந்த வரன் பிடித்திருக்கிறதா, எதைக் கேட்டாலும் நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல் "அம்மாவக் கேளு" என்பார். இந்த வீட்டில் வளர்ந்த எங்கள் மூவருக்கும் அது கேள்வியைத் தள்ளிவிடுகிற பேச்சு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக நாங்கள் நினைத்ததில்லை.

அப்பா ஓய்வு பெற்ற பிறகுதான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் சரியாக வரவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. பிறகு சில சொற்கள் திரும்பின. எங்களிடம் "ம்" என்பார், "வேணாம்" என்பார். சொல்ல வந்த சொல் கிடைக்காமல் உதடு துடிக்கும்போது எங்களுக்குத் தாங்காது. "தண்ணியாம்மா? விசிறியாம்மா? டிவி போடணுமா?" என்று நாங்களே கொட்டிவிடுவோம். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், அம்மாவே வாய் திறந்து பதில் சொல்லவேண்டிய தேவை வரவேண்டும் என்று ஒருமுறை சொன்னார். நாங்களும் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம்.

அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத அப்பா அந்த நாட்களில்தான் சமைக்கத் தொடங்கினார். வாரநாட்களில் கடைச் சாப்பாடு, ஞாயிறு மட்டும் ஆட்டுக்கறி. அது குழம்பில்லை, பிரட்டலும் இல்லை. அப்பா சூப்பு என்றார், தம்பி ஸ்டூ என்றான். கரண்டியால் தொட்டாலே எலும்பை விட்டு நழுவுகிற கறி, குழைந்த கிழங்கு, ரொட்டியை முக்கினால் ஒட்டிக்கொண்டு வருகிற சாறு. அம்மா இடக்கையால், யாருடைய உதவியும் இல்லாமல் அதைச் சாப்பிடுவார். வாரம் முழுக்கக் கொறித்துக்கொண்டிருந்தவர் அன்றைக்கு ஒரு கிண்ணத்தைக் காலி செய்வார்.

ஆனால் சமைக்கும்போது யாரும் வீட்டுப் பக்கம் தலைகாட்டக்கூடாது. "பன்னெண்டு மணிக்கு முன்னாடி வராதீங்க லா, இடைஞ்சல்" என்பார். விடியற்காலையே பாசாருக்குப் போய் வந்து அடுப்பைப் பற்றவைப்பவருக்கு நண்பகல் வரை அப்படி என்ன வேலை என்று எனக்குக் குடைச்சலாக இருக்கும். பாவம், வயதான மனிதர் அடுப்படியில் அல்லாடுகிறாரே என்று தீபாவளிக்கு நல்ல பிரஷர் குக்கர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மறுவாரமே பெட்டியோடு திருப்பித் தந்துவிட்டார்.

"ஏம்ப்பா, கொஞ்ச நேரத்துல வெந்துரும்ல?"

"அதான் வேணாங்கிறேன்."

"ஏன்?"

"மூடிய தொறக்க முடியாது."

"எதுக்குத் தொறக்கணும்?"

நாளிதழ் முகத்தை மறைத்துவிட்டது.

ஒரு ஞாயிறு அந்த ஆட்டுக்கறியில் சேமியா மிதந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "அப்பா, பாயசமா கறியா, ஒரு முடிவுக்கு வாங்க!" என்றான் தம்பி. அப்பா சிரிக்கவில்லை. "இன்னைக்கு அப்படித்தான், பேசாம சாப்புடு" என்றார். அம்மா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டொரு நாளில் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம், அவரும் அப்படித்தான் நினைத்தார். வீட்டைப் பற்றி அவர் கவலைப்பட்டது ஒன்றுக்குத்தான்.

"ஞாயித்துக்கெழம கறி வாங்கிரு. அம்மா சாப்புடணும்."

"சரிப்பா. எப்படி வைக்கிறது, சொல்லுங்க."

"அம்மாவக் கேளு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேச முடியாதவரிடம் போய் என்னத்தைக் கேட்பது? இந்த நிலையிலும் பழைய பல்லவியா என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, போர்வையைச் சரிசெய்தேன். அந்த ஞாயிறு வருவதற்கு முன்பே அப்பா போய்விட்டார்.

எங்கள் வழக்கத்தில் எட்டாம் நாள் படையல் உண்டு. போனவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து இலையில் வைப்போம். அப்பாவுக்கு அந்த ஆட்டுக்கறியைத்தான் வைக்கவேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. எப்படி வைப்பது என்பதில்தான் வெட்டுக்குத்து.

"மெளகு தட்டிப் போட்டு, முள்ளங்கி போட்டு வெள்ளையா இருக்கும்" என்றார் அண்ணன்.

"என்னண்ணே நீங்க, கோலாலம்பூர் போயி எல்லாம் மறந்துட்டீங்களா? தக்காளி, கேரட்டு. செவப்பா இருக்கும் லா" என்றான் தம்பி.

எனக்கோ அது கறுப்பு. கிச்சாப் என்கிற கறுப்புச் சோயாச் சாற்றை ஊற்றி, பட்டை போட்டு, பாலிக் புலாவிலிருந்து அப்பாவின் நண்பர் கொடுத்துவிடுகிற ஜாதிக்காயை ஒரு சிட்டிகை சீவிப்போட்டு வருகிற வாசனை என் மூக்கிலேயே இருந்தது. அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு முள்ளங்கிக்காகச் சண்டை போட்டது எங்கள் குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கும். கடைசியில் பொல்லாப்பு வேண்டாம் என்று மூன்றையும் ஒரே சட்டியில் போட்டோம். படைத்து முடித்து அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். ஒரு கரண்டி எடுத்தார், வாயில் வைத்தார், கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா சாப்பிடவே இல்லை என்று சொல்லலாம். காப்பியில் தோய்த்த பிஸ்கட், இரண்டு வாய்க் கஞ்சி. "ம்", "வேணாம்" இரண்டும்கூட நின்றுபோயின. பதினாறாம் நாள் கருமாதி முடிந்து அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது அம்மா கையில் மிஞ்சியிருந்த தங்க வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. மருத்துவர் எடை பார்த்துவிட்டு, இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு செலுத்தவேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு தங்கினேன். அந்தக் கறி சரியாக வந்தால் அம்மா சாப்பிடுவார் என்று ஒரு பிடிவாதம் எனக்கு. ஒருநாள் வெள்ளையாக வைத்தேன், ஒருநாள் சிவப்பாக, ஒருநாள் கறுப்பாக. எல்லாக் கிண்ணமும் அப்படியே திரும்பி வந்தது.

சரி, தொழிற்சாலையில் செய்வதைத்தான் இங்கேயும் செய்யவேண்டும் என்று மூலப்பொருளிலிருந்து தொடங்கினேன். ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் பக்கத்தில் அப்பா வழக்கமாகக் கறி வாங்கும் பாயிடம் போய்க் கேட்டேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"உங்கப்பா ஒரு தினுசும்மா. எல்லாரும் இளங்கறியா குடுங்க பாய்ம்பாங்க. அவரு மட்டும் இருக்கறதுலயே முத்தலா குடு, சீக்கிரம் வேகக்கூடாதும்பாரு. நானும் எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டாரு."

பல்லும் சரியில்லாத, நோயாளி அம்மாவுக்காகச் சமைப்பவர் முத்தல் கறியைத் தேடி வாங்குவாரா? வேகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு யாராவது அடுப்பு பற்றவைப்பார்களா?

அந்தக் குழப்பத்தோடு மாடிக்கு வந்தபோது எதிர் வீட்டுச் சீன அக்கா இரும்புக் கிராதிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பல வருட அண்டை வீட்டுக்காரர். எங்களோடு மலாயில் பேசுவார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"தங்கச்சி, ஒன்னு கேக்கணும். உங்க பாஷையில 'அப்புறம்'னா என்ன?"

"அதுக்குப் பிறகு, அடுத்தது என்னன்னு அர்த்தம். எதுக்குக்கா?"

"ஞாயித்துக்கெழமன்னா உங்கப்பா குரல் இங்க வரைக்கும் கேக்கும். ஒரு தடவ 'அப்புறம்?'னு கேப்பாரு. பிறகு சத்தமே இருக்காது. நான் துணி துவச்சு முடிப்பேன், அப்பவும் இருக்காது. ரொம்ப நேரங் கழிச்சு உங்கம்மா என்னவோ ஒரு வார்த்த சொல்லுவாங்க. இவரு 'ஆங்!'னு சந்தோசமா கத்துவாரு. சட்டி மூடி சத்தம் கேக்கும். மறுபடியும் 'அப்புறம்?' காலையில பூரா இதேதான். எங்க வீட்டுக்காரரு, பாவம் அங்கிளுக்கு ஞாபக மறதி, ஒரு சூப்புக்கு வாராவாரம் வழி கேக்குறாருன்னு சொல்லுவாரு."

"எங்கம்மா பேசுவாங்களா?" என்று கேட்டேன். "பேசுவாங்களே! மெதுவாத்தான்" என்றார் அவர், இது தெரியாதா என்பது போல.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக விளங்கியது. அப்பாவிடம் செய்முறை என்று ஒன்று இருந்ததே இல்லை. அம்மா வாயில் அன்றைக்கு எந்தச் சொல் வந்ததோ அதுதான் சட்டிக்குள் போயிருக்கிறது. முள்ளங்கி என்று வந்தால் முள்ளங்கி, கேரட் என்று வந்தால் கேரட். அதனால்தான் எங்கள் மூவருக்கும் மூன்று கறி நினைவில் இருந்தது, மூன்றும் சரி. அம்மா வேறு எதையோ சொல்லப்போய் சேமியா என்று வந்துவிட்ட அன்றைக்கு, அப்பா ஒரு வார்த்தை திருத்தாமல் சேமியாவைப் போட்டிருக்கிறார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை கறி வெந்து தொலைந்துவிடக்கூடாது, சொல் வரும்போது மூடியைத் திறக்க முடியவேண்டும். முத்தல் கறியும், குக்கரை ஒதுக்கிச் சின்னத் தீயில் சட்டி வைத்ததும் அதற்குத்தான். நாங்கள் சீக்கிரம் வந்தால் அம்மாவுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவோம், அதனால்தான் தடை. மருத்துவமனையில் அப்பா பேச்சை மாற்றவில்லை. எனக்குச் செய்முறையைத்தான் சொன்னார்.

மறுநாளே முத்தல் கறி வாங்கினேன். அம்மாவின் நாற்காலியை அடுப்படி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். கனமான சட்டியில் கறி முங்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றித் தீயைக் குறைத்தேன்.

"அம்மா, கறிய போட்டுட்டேன். அப்புறம்?"

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா போன பிறகு அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உதடு அசைந்தது, சொல் வரவில்லை. எனக்கு நாக்கு அரித்தது. இஞ்சியா அம்மா என்று கேட்டுவிட்டால் அதோடு தீர்ந்தது என்று உள்ளங்கையில் நகம் பதிய நின்றேன். அந்த நேரம் பார்த்து, சோற்றுக்கு வந்திருந்த தம்பி கூடத்திலிருந்து "இஞ்சி தட்டிப் போடுக்கா!" என்று கத்தினான். கரண்டியோடு திரும்பி, "வாய மூடிக்கிட்டு இருக்கலன்னா, ஒனக்குத்தான் மொதல்ல விழும்" என்றேன். அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகு வந்தது.

"வெங்... காயம்."

"ஆங்!" என்று என்னை அறியாமல் கத்தினேன். வெங்காயம் போனது. அப்புறம்? பூண்டு வந்தது. அப்புறம்? ஜாதிக்காய் என்ற சொல் வராமல் மூக்கைத் தொட்டுக் காட்டினார். காத்திருந்தேன், அந்தச் சொல்லும் வந்தது. கிழங்கை நான் வெட்டுவதைப் பார்த்து "பெருசு" என்றார். கேட்காமலே வந்த சொல் அது. மாமியாரிடம்கூட நான் என் வெட்டுக்குத் திட்டு வாங்கியதில்லை. அன்றைக்கு அந்தத் திட்டு வெல்லமாக இனித்தது.

பிற்பகல் தாண்டித்தான் கறி இறங்கியது. அம்மா இடக்கையால் சாப்பிட்டார். கிண்ணத்தை வழித்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டி "இன்னும்" என்றார். தம்பி எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டான். நான் அங்கேயே நின்று அழுதேன், மறைக்கவில்லை. குழாய் போடும் பேச்சு பிறகு எழவே இல்லை.

அந்தக் கறி எப்படி வைப்பது என்று இந்த ஓராண்டில் பல உறவினர்கள் கேட்டுவிட்டார்கள். கனமான சட்டி, எலும்போடு முத்தல் கறி, சின்னத் தீ, பாதி மூடி. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். மிச்சத்தை அம்மாதான் சொல்லவேண்டும், அதுவும் வாரத்துக்கு ஒன்றாக மாறும். சென்ற மாதம் அண்ணன் வந்திருந்தபோது அவரையும் அடுப்படியில் நிறுத்தினோம். ஊரெல்லாம் கூட்டத்தில் பேசுகிறவர், ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு நிற்கப் பட்ட பாடு பெரும்பாடு.

அப்பாவை மருத்துவமனையில் கவனித்த தாதியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், அன்று மழையில் கூடாரம் போட்ட அடுக்குமாடி இளைஞர்களுக்கும், வேலையை விட்டு ஓடிவந்த பழைய பேருந்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்றுவரை முத்தல் கறியை எங்களுக்கென்று ஒதுக்கி வைக்கும் பாய்க்கும், தன் மொழியில் இல்லாத ஒரு சொல்லைக் காதில் வாங்கி இத்தனை காலம் வைத்திருந்து எங்களிடம் சேர்த்த எதிர் வீட்டு அக்காவுக்கும் நாங்கள் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் இருவர் வீட்டுக்கும் ஞாயிறுதோறும் ஒரு கிண்ணம் போகிறது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி வாராவாரம் கேட்டு அம்மாவைப் பேசவைத்ததை நான் பெருமையாக வாசித்தபோது, இடக்கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"தெரியும்" என்றார்.

"என்னம்மா தெரியும்?"

எனக்கு இப்போது காத்திருக்கத் தெரியும். காத்திருந்தேன்.

"அவரு... நடிச்சது."

நான் தாளைக் கீழே வைத்தேன். "தெரியுமா? பின்ன ஏம்மா நீங்க ஒன்னும் சொல்லல?"

அம்மா சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். சொல் வர நேரமானது. வந்தபோது தட்டுத் தடுமாறாமல் வந்தது.

"கேக்கட்டும்னுதான்."